ஒரு பெண் ஊழியர் என்று எழுதினேன்

மகளிர் தின மலருக்கு நூறு வார்த்தைக்குள் ஒரு வாழ்த்துச் செய்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நான் பார்த்துப் பூரித்துப் போவதற்காக மலரின் முதல் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்தேன், பூரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் சொல்ல வேண்டியது நூறு வார்த்தைக்குள் அடங்காது, வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குத்தானே சப் எடிட்டர் என்று ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருஷம் அதே டெஸ்கில் உட்கார்ந்து வெட்டியவள்தான் நானும். அப்படி வெட்டியதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருச்சிப் பதிப்பின் டெஸ்கில் நான் ஒருத்திதான் பெண். ஆகவே சமையல் பக்கம் எனக்கு, கோலப் பக்கம் எனக்கு, மகளிர் தின மலரும் எனக்கு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமைத் துணை ஆசிரியர், பெயர் வேண்டாம், முதல் வருஷம் பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு ஃபைலை என் மேஜையில் போட்டார். மேலே சிவப்பு மையில் 'மார்ச் 8' என்று எழுதியிருந்தது. உள்ளே பன்னிரண்டு பெண்கள். வாளோடு ஒரு ராணி, ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு டாக்டர், தம்பூராவோடு ஒரு பாடகி, விண்வெளிக்குப் போன ஒருத்தி, இப்படி. இந்த வருஷம் ஆறு பேரைப் போடு, மிச்சம் ஆறு பேரை அடுத்த வருஷம் போடு, மூன்றாவது வருஷம் யாருக்கும் நினைவிருக்காது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்றார். உலக வரலாற்றில் சாதித்த பெண்கள் மொத்தம் ஒரு டஜன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் உயிரோடு இல்லை, மிச்சம் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். செத்துப்போனவர்களைக் கொண்டாடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் பதவி உயர்வு கேட்க மாட்டார்கள், கழிப்பறையும் கேட்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்போது பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. எதிர்க் கட்டிடத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போய் வருவேன். போய்விட்டு வந்து உட்கார்ந்து, பெண்மையைப் போற்றுவோம் என்ற தலையங்கத்துக்குப் பிழை திருத்துவேன். மானங்கெட்ட பிழைப்பு என்று அப்போது தோன்றவில்லை, சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளூர்ப் பெண்களையும் போடாமல் இல்லை. உறையூரில் ஒரு தலைமை ஆசிரியை. 'அடுத்த ஆண்டு ஓய்வு பெற இருக்கும் இவர்' என்று நல்லபடியாக எழுதிய ஒரு கட்டுரை ஃபைலில் இருந்தது. எடுப்பேன், வருஷத்தை மாற்றுவேன், போடுவேன். ஒரு மார்ச்சில் அந்த அம்மா ஃபோன் பண்ணினார். "ஆறு வருஷமா நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போறேன்னு போடுறீங்கம்மா. நான் பென்ஷன் வாங்க ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. ஒருதடவை எனக்கே ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், ஒரு வகுப்புக்கே அடி கொடுத்த மாதிரி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் அவரை ஃபைலிலிருந்தே எடுத்துவிட்டேன். அவர் கேட்டது அது இல்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

இன்னொரு சடங்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பேட்டியின் கடைசிக் கேள்வி: குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடைசிப் பதில்: கணவரின் ஒத்துழைப்பு. அந்த வரி வராத பேட்டியை எங்கள் பொறுப்பாசிரியர் திருப்பி அனுப்புவார். ஒரு தடவை வீம்புக்கு, விருது வாங்கிய ஒரு ஆண் அதிகாரியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மேடம், வீட்லேர்ந்து எதுவும் கம்ப்ளெயின்ட் வந்துச்சா?" என்றார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒரு விதியை மட்டும் விடாமல் சொல்லுவார். சாவுச் செய்தியில் பெயரை மூன்று தடவை சரிபார், வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேள், முதலெழுத்துத் தப்பினால்கூடச் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பார். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். செத்தவர்கள் பெயரில் நான் தப்புச் செய்ததே இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம்தான் கோட்டை விட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு நீரேற்று நிலையம். எந்த அலுவலகத்துடையது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் கிளறவும் வேண்டாம். அங்கே ஆரோக்கியமேரி என்று ஒரு பெண். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. ரிஜிஸ்டரில் துப்புரவுப் பணியாளர். நிஜத்தில் காலையில் மோட்டார் போடுவதும் சாயங்காலம் நிறுத்துவதும் அவர்தான். ஆபரேட்டர் பணியிடம் காலியாகவே கிடந்தது. காலி இடத்தை நிரப்ப ஒருத்தி கையில் விளக்குமாறோடு வந்துபோகும்போது ஆள் எடுக்க எவருக்கு அவசரம்?

வெள்ளத்தன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் படியேறி வந்தது. பொறியாளர் தில்லை நகர் வீட்டில் இருந்தார். வண்டி வரவில்லை, மேலிடத்து உத்தரவு இல்லாமல் மோட்டாரை நிறுத்தக் கூடாது, ஊருக்குத் தண்ணீர் நின்றால் பதில் சொல்ல முடியாது என்று ஃபோனில் சொன்னார். ஆரோக்கியமேரி படியைப் பார்த்தார், ஃபோனை வைத்தார், மெயினை அணைத்தார். கரையில் நின்ற மீன்பிடிக்கிறவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, செயின் கப்பியில் இரண்டு மோட்டாரையும் மேல்தளத்துக்கு ஏற்றினார். முக்கால் மணி நேரத்தில் கீழ்த்தளம் முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாளே மோட்டார் ஓடியது. இல்லையென்றால் மாசக்கணக்கில் ஊர் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியிருக்கும்.

மார்ச் வந்தது. அந்தத் தடவை ஃபைலைத் திறக்காமல் ஒரு உயிருள்ள ஆளைப் போடுவோம் என்று ரோஷம் வந்து, நானே போய்ப் பேட்டி எடுத்தேன். பழக்க தோஷத்தில் கடைசிக் கேள்வியையும் கேட்டுத் தொலைத்தேன். கணவரின் ஒத்துழைப்பா என்று யோசித்துவிட்டு, "அவரா? அன்னைக்கு மழைன்னு போர்வையைப் போத்திட்டுப் படுத்திருந்தாரு" என்றார். அப்படியே எழுதினேன். நல்ல கட்டுரை. நான் எழுதியதில் நல்ல கட்டுரைகள் நாலைந்துதான், அதில் அது ஒன்று.

மலர் முடிக்கிற மதியம், பக்கம் அச்சுக்குப் போக நாற்பது நிமிஷம் இருக்கும்போது, பொறியாளர் ஃபோன் பண்ணினார். குரலில் தேன் வழிந்தது. "கட்டுரை போடுங்க மேடம், சந்தோஷம். பேரு மட்டும் வேண்டாம். துப்புரவுன்னு எடுத்த ஆளு மோட்டாரைத் தொட்டாங்கன்னு வெளிய வந்தா, அந்தம்மாவுக்குத்தான் மெமோ வரும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஓநாய் தெரியவில்லை, நனைகிற ஆடுதான் தெரிந்தது. ஒரு ஏழைப் பெண்ணைக் காப்பாற்றப் போகிறேன் என்று நெஞ்சு விம்மியது. அதற்குள் விளம்பர மேலாளர் ஓடிவந்தார். ஜவுளிக்கடை ஒன்றின் மகளிர் தின வாழ்த்து, கால் பக்கம், கண்டிப்பாகப் போக வேண்டும் என்றார். வெட்டினேன். போர்வை போயிற்று, மீன்பிடிக்கிறவர்கள் போனார்கள், செயின் கப்பி போயிற்று. ஆரோக்கியமேரி இருந்த இடத்தில் 'ஒரு பெண் ஊழியர்' வந்தார். மோட்டாரை யார் சொல்லி யார் நிறுத்தினார்கள் என்று வாசகர் குழம்பக் கூடாதே என்று, 'பொறியாளரின் வழிகாட்டுதலின் பேரில்' என்று மூன்று வார்த்தையை என் கையாலேயே சேர்த்தேன். அந்த நாற்பது நிமிஷத்தில் ஆரோக்கியமேரிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்பர் என் நோட்டில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

மூன்றாம் நாள் ஆரோக்கியமேரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மலரை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தார். என் மேஜையில் விரித்து, "மேடம், இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

நான் அந்த வரியைக் காட்டினேன்.

"அங்க நாங்க மூணு பொம்பளைங்க வேலை பாக்குறோம். இதுல நான் யாரு?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். தினக்கூலிகளை நிரந்தரமாக்க ஒரு நேர்காணல் வைக்கிறார்கள், இரண்டு வாரத்தில். துப்புரவுக்கு ஆள் தேவையில்லை, அதைக் கான்ட்ராக்டுக்கு விட்டாயிற்று. ஆபரேட்டர் இடம் மட்டும் ஒன்று இருக்கிறது. மோட்டாரை இயக்கியதற்கு ஆதாரம் காட்டுகிறவர்களுக்கு அது. ஆதாரம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மோட்டார் ஓடிய நேரம் எழுதுகிற புத்தகம் பொறியாளரின் மேஜைக்குள் பூட்டிக் கிடக்கிறது. பேப்பரில் வரும், அதைக் காட்டலாம் என்று அவர் நம்பியிருந்தார். பதினோரு வருஷ வேலை போகப் போகிறது, அதை நான்தான் கால் பக்க ஜவுளிக்கடை வாழ்த்துக்காகக் கத்தரித்திருக்கிறேன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவர் நல்லதுக்குத்தான் பெயரை எடுத்தேன் என்றேன். ஓநாயின் வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். அவர் மலரை மறுபடி நாலாக மடித்துக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மேடம்" என்றார். உறையூர் தலைமை ஆசிரியை சொன்ன அதே வார்த்தை. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

திருத்தம் போடலாம் என்று பொறுப்பாசிரியரிடம் போனேன். மலருக்கெல்லாம் திருத்தம் போட்டால் மலரே எதற்கு என்று கேட்பார்கள் என்றார். அதோடு, பெயரைத் தப்பாகப் போட்டால்தான் தப்பு, போடாமல் விட்டால் தப்பே இல்லை என்று எனக்குப் பத்திரிகைத் தர்மம் உபதேசித்தார். இதுவே ஒரு எம்.எல்.ஏ.வின் மைத்துனர் பெயர் விட்டுப்போயிருந்தால் மாலைக்குள் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பார், எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு நடந்து போகும்போது, கோவில் மதிலோரம் ஒரு கைடு வெளியூர்க்காரர்களுக்குக் கல்வெட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் விளக்கு எரிக்கக் கொடுத்த தானமாம். அவள் பெயர், அவள் ஊர், அவள் யார் மகள், எத்தனை ஆடு கொடுத்தாள் என்பதுவரை வெட்டியிருந்தது. தினம் கடந்துபோகிற சுவர்தான், நின்று கேட்டது அன்றைக்குத்தான். உளியால் ஒவ்வொரு எழுத்தாகக் கருங்கல்லில் கொத்துகிறவனுக்கு ஒரு பெண்ணின் பெயருக்கு இடம் இருந்திருக்கிறது. எட்டு பத்தி அகலத்தில், பட்டனைத் தட்டினால் எழுத்து விழுகிற எனக்கு இடம் இல்லை. அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனேன். கோபம் வந்தாலும் சரிபார்க்காமல் எழுதக் கூடாது, அதை மறக்காதீர்கள். மீன்பிடிக்கிற இருவரையும் கண்டுபிடித்துக் கேட்டேன். காவலாளியைக் கேட்டேன். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள், பொறியாளர் மட்டும் அதில் எங்கேயும் வரவில்லை. பிறகு ஆரோக்கியமேரியிடம் போய், முதல் தடவை கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பெயர் போடவா, போட்டால் மெமோ வரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "மெமோவுல என் பேரு இருக்கும்ல மேடம்? நான் மோட்டார் ஓட்டினேன்னும் இருக்கும்ல? வரட்டும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் செய்தி படித்த எனக்குத் தோன்றாதது, விளக்குமாறு பிடிக்க எடுத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. இவரையா நான் காப்பாற்றக் கிளம்பினேன்?

அன்று பொறுப்பாசிரியர் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். உள்ளூர்ப் பக்கம் என் கையில். ஜவுளிக்கடை நடத்திய கோலப் போட்டியின் பரிசளிப்புப் படம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, 'மோட்டார்களைக் காப்பாற்றியவர் ஆரோக்கியமேரி' என்று தலைப்புக் கொடுத்தேன். மலரில் பெயர் விடுபட்டது எங்கள் பிழை, வழிகாட்டுதல் என்று வந்ததும் எங்கள் பிழை, நடந்தது இது என்று எழுதினேன். வருந்துகிறோம் என்று பொடி எழுத்தில் முனகவில்லை. பக்கத்தை அனுப்புகிற நேரத்தில் பயந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கும் வீட்டுக்கடன் இருந்தது, பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

பொறியாளரைப் பாராட்ட வேண்டும். வண்டி வரவில்லை என்று வெள்ளத்துக்கு வராதவர், மெமோவை நாலே நாளில் அனுப்பிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கைவரிசை முழுவதையும் அதில் காட்டியிருந்தார். 'துப்புரவுப் பணிக்கென அமர்த்தப்பட்ட தாங்கள், கடந்த பதினோரு ஆண்டுகளாக உரிய அனுமதியின்றி நீரேற்று நிலைய மோட்டார்களைத் தாங்களாகவே இயக்கி வந்ததோடு, வெள்ளத்தன்று மேலதிகாரியின் உத்தரவை மீறி அவற்றை நிறுத்தியதற்காக' என்று தொடங்கி, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று முடிந்தது. முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஆரோக்கியமேரி அதை லேமினேட் பண்ணிக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். மோட்டாரை இயக்கியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மெமோவை மேஜையில் வைத்தார். குழுவில் ஒருவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாராம், அவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாராம். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஃபோன் வந்தது. "ஆர்டர் வந்துருச்சு மேடம். பேரு சரியா போட்டிருக்காங்க" என்றார். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

எனக்கும் ஒரு மெமோ வந்தது. பெயர் விடுபட்டிருந்தது, சேர்த்தேன் என்று ஒரே வரியில் விளக்கம் கொடுத்தேன். தண்டனையாக ஆறு மாதம் கோலப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆறு மாதமும் கோலம் அனுப்பிய ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் ஊரையும் ஃபோன் போட்டுச் சரிபார்த்துத்தான் போட்டேன். நம்முடைய பதிப்பிலேயே பிழையில்லாத பக்கம் அதுதான் என்று பெயர் வாங்கியது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். தில்லை நகர் மண்டபம் ஒன்றில் சாதனைப் பெண்களுக்குப் பாராட்டு விழா. பின்வரிசையில் ஏழு ஆண்கள், முன்வரிசையில் பொன்னாடையோடு மூன்று பெண்கள். படத்தின் கீழே ஏழு ஆண்களின் பெயரும், பதவியும், ஒருவருக்கு முனைவர் பட்டமும் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு 'ஆகியோர் சாதனைப் பெண்களைக் கௌரவித்தனர்.' பின்வரிசையில் நாலாவதாக நிற்கிறவர்தான் அந்தப் பொறியாளர். உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றிருக்கிறார் என்று உங்கள் வரியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவருக்கு முன்னால், பொன்னாடையைத் தோளில் நிற்கவிடாமல் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை, தலை நரைத்திருந்தாலும், பார்த்ததும் கண்டுகொண்டேன்.

உங்களைத் திட்டவில்லை பிள்ளைகளா. நானும் இதே வேலையைத்தான் செய்தேன், அதுவும் தெரிந்தே செய்தேன். நீங்கள் தெரியாமல் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மலர் மூன்று மணிக்குத்தான் அச்சுக்குப் போகும். மணி இப்போது பதினொன்று. எனக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது, உங்களுக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. என் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில், இடமிருந்து இரண்டாவது: ஆரோக்கியமேரி, பம்ப் ஆபரேட்டர். மற்ற இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள்.